உள்ளூர்க் கட்டணம்

கௌசி பிள்ளைக்கு,

உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. மண்டபம், சமையல், நாதஸ்வரம் எல்லாவற்றையும் நீயும் சிவாவும் பேசி முடித்துவிட்டீர்கள். எங்களுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. எனக்கென்று மிச்சம் இருப்பது ஒரே ஒரு வேலை. அதை டெலிபோனிலேயே முடித்துவிடலாம் என்று இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். முதல் தடவை நீ வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றாய். இரண்டாம் தடவை நான் வாய் திறக்க முன்னமே, "என்ன சித்தப்பா, குரல் அடைச்சிருக்கு, மருந்து எடுத்தனீங்களோ?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு எனக்குப் பேச வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ இதைத் தாலி ஏற முன்னம் வாசிக்க வேண்டும். வாசித்த பிறகு என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு எழுதினால் அது கடிதம் ஆகாது, தந்திரம் ஆகிவிடும்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். ஏனென்றால் உனக்குத் தெரிந்தது பாதிதான். உன் அப்பா, என் அண்ணை, ஷெல் காயத்தோடு யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மூன்று நாளும் வார்டில் கட்டில் இல்லை. விறாந்தையில் பாய் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். அத்தனை காயக்காரருக்கும் ஒரே ஒரு நேர்ஸ். சேலைன் போத்தலைத் தொங்கவிட ஒரு கம்பிகூட இல்லாமல், நீதான் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாய். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் மாறிப் பிடிக்கிறேன் என்று சொல்லியும் நீ தரவில்லை. அந்த நேர்ஸ் ஓடி ஓடி வேலை செய்ததை நீ கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய். அண்ணை போன பிறகு, செத்த வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, நீ என்னிடம் வந்து, "சித்தப்பா, இன்னொரு நேர்ஸ் இருந்திருந்தா அப்பா தப்பியிருப்பாரோ?" என்று கேட்டாய். நீ பிறகு படிக்க விரும்பியது எல்லாம் அந்தக் கேள்வியில் இருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

நாங்கள் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது உனக்குப் பதினாறு. கொழும்பில் ஒரு லொட்ஜில் உன் அம்மா உன்னை என்னிடம் தந்தா. பயண ஏஜென்ற் கொண்டுவந்த பத்திரங்களில் எனக்கு ஒரு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மனைவி உன் சின்னம்மா, மகன் தீபன், மகள் எனக்கு இல்லை. அந்த மகளின் இடத்தில்தான் உன்னைச் சேர்க்கலாம் என்று அவன் சொன்னான். "உங்கட பிள்ளையெண்டே கொண்டுபோங்கோ தம்பி. இனி இவள் உங்கட பிள்ளைதான்" என்று அண்ணி சொன்னா. அவவுக்கு வர வழி இல்லை, கிழவரும் கிழவியுமாய் அவவின் தாய் தகப்பன் அங்கே இருந்தார்கள். நான் அண்ணியின் கையைப் பிடித்து, "தீபனுக்கு என்ன செய்வனோ அதை இவளுக்கும் செய்வன்" என்று சொன்னேன். அப்படித்தான் சொன்னேன், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ரொறன்ரோ விமான நிலையத்தில் அந்த வெள்ளைக்கார அதிகாரி உன்னைக் காட்டி, இது யார் என்று கேட்டார். மகள் என்றேன். நீயும் என்னை அப்பா என்று கூப்பிட்டாய். அன்று தொடங்கி அரசாங்கக் கந்தோர்களில் நான் உனக்கு அப்பா, வீட்டில் சித்தப்பா. டோர்செட் பார்க் பகுதியில் ஒரு கட்டடத்தின் எட்டாம் மாடியில் ஒரு படுக்கையறை வீட்டில் நாலு பேர் இருந்தோம். நீயும் சின்னம்மாவும் அறைக்குள், நானும் தீபனும் ஹோலில். நீ ஆறு மாதத்தில் இங்கிலிஷ் பிடித்துவிட்டாய். வீட்டுச் சொந்தக்காரனிடம், வங்கியில், தீபனின் பள்ளிக்கூடத்தில் எங்களுக்காகப் பேசியது நீதான். பாண் சுடுகிற பக்ரறியில் என்னை வேலைக்குச் சேர்த்த விண்ணப்பத்தை நிரப்பியதும் நீதான். எங்கள் அகதிக் கேஸ் ஒரு வருசத்தில் வென்றது. அன்று சின்னம்மா பாயாசம் காய்ச்சினா. நீ இரண்டு கோப்பை குடித்தாய்.

அடுத்தது நிரந்தர வதிவிடப் பத்திரம். அதற்கு எல்லோருடைய பிறப்புச் சான்றிதழும் கேட்டார்கள். உன்னுடைய சான்றிதழில் தகப்பன் பெயர் அண்ணையின் பெயர். எங்கள் கேஸைப் பார்த்த லோயர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, எயார்போட்டில் பொய் சொன்னோம் என்று ஒப்புக்கொண்டு, நடந்ததை எழுதிக் கொடுப்பது. அவர்கள் மன்னிக்கலாம், கேஸைத் திருப்பித் தோண்டவும் செய்யலாம். மற்றது, உன் பெயரை விட்டுவிட்டு மூன்று பேருக்கு மட்டும் விண்ணப்பிப்பது, நீ பிறகு தனியாகக் கேஸ் போடுவது. "யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். நான் யோசிக்கவில்லை. அந்தக் கதிரையில் இருந்தபடியே மூன்று பேருக்குக் கையெழுத்து வைத்தேன். உனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். நீ, "அது சரிதானே சித்தப்பா, எல்லாரும் மாட்டுப்படுறதிலும் பாக்க" என்றாய். நீ அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா. உன் தனிக் கேஸில் நீ உண்மையை எழுதினாய். நான் பொய் எழுதிய இடத்தில் நீ உண்மை எழுதினாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ கடைசி வகுப்பை முடித்த வருசம் கொலிஜிலிருந்து அந்தத் தடித்த கவர் வந்தது. மூன்று வருச நேர்ஸிங் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. நீ அதை எலிவேற்றருக்குள் வைத்தே உடைத்து, வீட்டுக்குள் வரும்போது கத்திக்கொண்டு வந்தாய். நீ கத்தி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். அடுத்த கிழமை பதிவு செய்ய நானும் உன்னோடு வந்தேன். கட்டணப் பகுதியில் இருந்த பெண்பிள்ளை உன் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய், வேறொருவரோடு வந்தா. உன் கேஸ் முடியும்வரை நீ இந்த மாகாணத்துப் பிள்ளை இல்லையாம். வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிற மாணவருக்கு உள்ள கட்டணத்தைத்தான் நீயும் கட்ட வேண்டுமாம். அரசாங்கக் கடனும் இல்லையாம். அந்தத் தொகை என் ஒரு வருசச் சம்பளத்துக்குக் கிட்ட இருந்தது. நீ அவவிடம், "நான் இங்கைதான் இருக்கிறன், பக்கத்துத் தெருவிலைதான் ஸ்கூலுக்குப் போனனான். நான் எந்த வெளிநாட்டிலை இருந்து வாறன்?" என்று இங்கிலிஷில் கேட்டாய். அவவுக்கும் முகம் வாடிவிட்டது. சட்டம் அப்படி, தான் என்ன செய்வது என்றா. நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது நீ அந்தக் கவரை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாய். "ஒரு வருசம்தானே சித்தப்பா. கேஸ் முடிஞ்சோடனை போவன்" என்று என்னைத் தேற்றினாய்.

அந்த ஒரு வருசத்துக்காகத்தான் நீ முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது. அங்கே பொறுப்பு நேர்ஸாக இருந்த ஜமேக்காக்காரி மிஸிஸ் கிராண்டை நீ வீட்டில் சொல்லிச் சொல்லி எங்களுக்கும் பழக்கமாகிவிட்டா. ஒருநாள் ஒரு கிழவருக்குச் சாப்பிடும்போது புரைக்கேறி முகம் நீலம் பாரித்ததும், நேர்ஸ் இரண்டு மாடி தள்ளி நின்றதும், நீயே அவரைக் குனியவைத்து முதுகில் தட்டிக் காப்பாற்றியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மிஸிஸ் கிராண்ட் ஓடி வந்து பார்த்துவிட்டு உன்னைப் பாராட்டவில்லையாம், ஏசினாவாம். உன்னை அல்ல. "எனக்கு நேர்ஸ் இல்லை, பேப்பரிலை விளம்பரம் போட்டும் ஒருத்தரும் வருகினமில்லை. நீ என்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்கிறாய், உன்னைப் படிக்க விடுறாங்களில்லை!" என்று சுவரைப் பார்த்து ஏசினாவாம். நீ அதைச் சொல்லிச் சிரித்தாய். சின்னம்மா சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் குடிவரவுக் கந்தோரிலிருந்து உனக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய கோப்பில் நீ என் மகள், புதிய கோப்பில் நீ என் அண்ணையின் மகள். எது உண்மை என்று நான் சத்தியக் கடதாசி முடித்துத் தபாலில் அனுப்ப வேண்டும், அதுவரை உன் கேஸ் நகராது என்று எழுதியிருந்தார்கள். நீ நூலகத்துக்குப் போய் அதை நீயே இங்கிலிஷில் ரைப் பண்ணிக்கொண்டு வந்தாய். எனக்கு வாசித்து விளங்கப்படுத்தினாய். "என் அண்ணனின் மகளுடைய உயிரைக் காப்பாற்றவே நான் அவளை என் மகள் என்று சொன்னேன், இதில் வேறு எந்த நோக்கமும் இருக்கவில்லை" என்று ஒரு வரி போட்டிருந்தாய். என்னைக் காப்பாற்றுவதற்கு நீ போட்ட வரி அது. நான் பக்கத்துப் பிளாசாவில் சத்தியக் கடதாசிகளுக்கு முத்திரை குத்துகிற ஆளிடம் போய்ச் சத்தியம் செய்து, கையெழுத்து வைத்து, கவரில் போட்டு ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து நீ கேட்டாய், "சித்தப்பா, போட்டாச்சோ?" நான், "ஓம் பிள்ளை, போட்டாச்சு" என்றேன்.

நான் போடவில்லை, கௌசி.

அந்தக் கவர் பாண் பக்ரறியில் என் லொக்கருக்குள் இருந்தது. தபால் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, பொய் சொல்லி வந்தவர்களுக்குக் கொடுத்த பத்திரத்தையே பறித்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. தீபனை நினைத்தேன். நாளைக்குப் போடுவோம் என்று கவரைத் திரும்பக் கொண்டுபோனேன். நாளைக்கு என்றது கிழமையாகி, மாதமாகி, பிறகு நாள் எண்ணுவதையே விட்டுவிட்டேன். நினைவூட்டி ஒரு கடிதம் உனக்கு வந்தது. "அவங்கட கடிதமும் எங்கட கடிதமும் வழியிலை மாறுப்பட்டிருக்கும்" என்றேன். "அப்ப இன்னொரு கொப்பி அனுப்புவமோ?" என்று கேட்டாய். "ஒண்டையே ரண்டு தரம் அனுப்பினா சந்தேகப்படுவாங்கள். அரசாங்க வேலை மெதுவாத்தான் நடக்கும்" என்றேன். நீ தலையாட்டினாய். நீ வேலையால் வரும்போதெல்லாம் கீழே தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எலிவேற்றர் ஏறுவாய். எனக்கு அது தெரியும். நான் அதைப் பார்த்துக்கொண்டு மூன்று வருசத்துக்கு மேல் இருந்தேன்.

நடுவில் தீபனுக்கு அதே கொலிஜில் இடம் கிடைத்தது. அவனுக்கு உள்ளூர்க் கட்டணம். அரசாங்கக் கடன் விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பிக் கொடுத்தது நீ. "இந்தப் பெட்டிக்குள்ளை புள்ளடி போடு, இதைத் தொடாதை, இதிலை அப்பாட கையெழுத்து" என்று நீ சொல்லச் சொல்ல அவன் எழுதினான். அவன் திடீரென்று பேனையை வைத்துவிட்டு, "அக்கா, நீ போக வேண்டிய இடத்துக்கு நான் போறன் போலை இருக்கு" என்றான். "விசர்க்கதை கதையாதை, எழுது" என்று அவன் தலையில் தட்டினாய். நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அன்று நான் சொல்லியிருக்கலாம். லொக்கரில் இருந்து எடுத்து அடுத்த நாளே போட்டிருக்கலாம். தீபன் படிப்பை முடிக்கட்டும் என்று நினைத்தேன். அண்ணிக்கு நான் கொடுத்த வாக்கில் தீபனும் நீயும் ஒன்று. என் பயத்தில் ஒன்றாக இருக்கவில்லை.

அதற்கு அடுத்த வருசம் அண்ணி போய்விட்டா. இடம்பெயர்ந்து போன ஊரில் காய்ச்சல், மருந்து இல்லை. செய்தி வர ஒரு மாதம் பிந்திவிட்டது. உன்னால் போக முடியவில்லை, போனால் திரும்பி வர உன்னிடம் பத்திரம் இல்லை. அண்ணியின் கடைசிக் கடிதம் அவ போன பிறகு வந்து சேர்ந்தது. "படிப்பு எவ்வளவிலை நிக்குது? நேர்ஸ் உடுப்போடை ஒரு படம் எடுத்து அனுப்பு" என்று எழுதியிருந்தா. படிக்கிறேன் என்றுதான் நீ அவவுக்கு எழுதி வந்திருக்கிறாய் என்று எனக்கு அன்றுதான் தெரியும். நீ அந்தக் கடிதத்தை எனக்குத் தந்து வாசிக்கச் சொல்லிவிட்டு, யன்னல் பக்கம் திரும்பி நின்றாய். அம்மாவை ஏமாற்றிப்போட்டேன் சித்தப்பா என்று அழுதாய். அந்த வீட்டில் ஏமாற்றியவன் யார் என்று தெரிந்த ஒரே ஆள் உன் தலையைத் தடவிக்கொண்டு நின்றான்.

பிறகுதான் மிஸிஸ் கிராண்ட் அந்தக் கூட்டத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனா. கேஸ் முடியாமல் காத்திருக்கிற பிள்ளைகளுக்கும் உள்ளூர்க் கட்டணத்தில் இடம் கொடுக்க வேண்டும் என்று, அவவும் வேறு சில முதியோர் இல்லக்காரரும் ஆஸ்பத்திரிக்காரரும் கொலிஜ் நிர்வாக சபைக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சபை ஒரு பின்னேரம் வெளியார் பேசுவதற்கு நேரம் கொடுத்தது. நானும் சின்னம்மாவும் மூன்றாம் வரிசையில் இருந்தோம். நீ என் கல்யாணத்துக்கு அண்ணி கட்டிய மயில் நிறச் சேலையை உடுத்திருந்தாய். மிஸிஸ் கிராண்ட் முதலில் பேசினா. தன்னிடம் கட்டில் இருக்கிறது, கிழவர்கள் இருக்கிறார்கள், நேர்ஸ் மட்டும் இல்லை. படிக்க ஆசைப்படுகிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆள் இல்லை என்று அழுகிற ஊர் இது ஒன்றுதான் என்றா. சபையில் ஒருவர், நாளைக்குத் திருப்பி அனுப்பப்படக்கூடிய ஒருவருக்கு எங்கள் வரிப்பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நீ எழும்பினாய். "என்ரை சம்பளத்திலையும் வரி வெட்டுறாங்கள் சேர். வெட்டேக்கை ஒருத்தரும் என்னட்டைப் பத்திரம் கேக்கிறேல்லை" என்றாய். பின்னால் இருந்து ஆட்கள் கைதட்டினார்கள்.

சபைத் தலைவராக இருந்த அம்மா உன்னை நிற்கச் சொன்னா. உன் கேஸ் ஏன் இவ்வளவு காலம் இழுபடுகிறது, நீ கொடுக்க வேண்டிய ஏதாவது குறைகிறதா என்று கேட்டா. நீ உடனேயே, "இல்லை. நாங்கள் எல்லாம் குடுத்திட்டம். என்ரை சித்தப்பா தனக்கு ஆபத்து வந்தாலும் பரவாயில்லையெண்டு எனக்காகச் சத்தியக் கடதாசி எழுதி அனுப்பினவர். அவர் இங்கைதான் இருக்கிறார்" என்று என்னைக் காட்டினாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா எனக்குத் தலை குனிந்து மரியாதை காட்டினா. எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி என் கையைப் பிடித்து அழுத்தினா. நான் அந்தக் கையை இழுக்கவில்லை. எழும்பி உண்மையைச் சொல்லவும் இல்லை. தலையை ஆட்டினேன், கௌசி. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அந்தச் சபை சட்டத்தை மாற்றியது. ஆட்கள் போதாத வேலைகளுக்கான படிப்புகளில், இங்கே வசித்து வேலை செய்துகொண்டு பதிலுக்குக் காத்திருப்பவர்களும் உள்ளூர்க் கட்டணமே கட்டினால் போதும் என்று வந்தது. உன் பேச்சுத்தான் சிலரை மாற்றியது என்று மிஸிஸ் கிராண்ட் சொன்னா. அந்த வழியால் எத்தனையோ பிள்ளைகள் படித்துவிட்டார்கள். எங்கள் கட்டடத்திலேயே இரண்டு பேர். மூன்றாம் மாடிச் சோமாலிப் பிள்ளை என்னைக் காணும்போதெல்லாம் உன்னைச் சுகம் விசாரிக்கும். ஆனால் நீ மூன்று வருசப் படிப்புக்குப் போகவில்லை. உனக்கு இருபத்துமூன்று வயதாகிவிட்டது, சுருக்கமான படிப்பை எடுத்து உதவி நேர்ஸாக வந்தாய். "ஏன் பிள்ளை, பெரிய படிப்புக்குப் போவன்" என்று சின்னம்மா மன்றாடினா. "இனி அவ்வளவு நாள் மேசையிலை இருக்கேலாது சின்னம்மா. மண்டைக்குள்ளை ஏறுதில்லை. இது காணும்" என்றாய். புத்தகம் வாசிக்காமல் நித்திரைக்குப் போகாத பிள்ளை நீ. மண்டைக்குள் ஏறவில்லை என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. காத்திருந்து காத்திருந்து ஆசை தேய்ந்துவிட்டது. சட்டத்தை ஒரு கூட்டத்தில் மாற்றலாம். தேய்ந்துபோன ஆசையைத் திருப்பிக் கொடுக்க ஒருத்தராலும் முடியவில்லை.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேரும் பிரஜாவுரிமை எடுத்த பிறகு, இனி என்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று லோயர் சொன்ன பிறகுதான், அந்தக் கவரை லொக்கரிலிருந்து எடுத்துத் தபாலில் போட்டேன். எனக்கு ஒரு நட்டமும் வராது என்று உறுதியான பிறகு. ஓரங்களில் பாண் மா ஒட்டியிருந்தது, துடைத்துவிட்டுப் போட்டேன். ஆறு மாதத்தில் உன் பத்திரம் வந்துவிட்டது. ஆறே ஆறு மாதம். நீ அதைக் கொண்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "உங்களாலைதான் சித்தப்பா" என்று அழுதாய். நீ சொன்னது சரிதான், நீ நினைத்த அர்த்தத்தில் அல்ல.

நான் ஏன் செய்தேன் என்று உனக்கு விளக்கம் சொல்லப் பார்த்து, இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். பயம் என்று எழுதினேன். பிள்ளைக்காக என்று எழுதினேன். ஆனால் பயந்தவன் ஒருநாள் பயப்படலாம், ஒரு மாதம் பயப்படலாம். அதற்குப் பிறகு அது பழக்கம். நீ கோபப்படாத பிள்ளை, கேள்வி கேட்காத பிள்ளை என்பது எனக்கு வாய்ப்பாகிவிட்டது. தீபனின் கேஸாக இருந்திருந்தால் நான் அந்தக் கவரை ஒரு இரவும் வைத்திருக்க மாட்டேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் இதுதான் உண்மை, இதைவிட நல்லதாக ஒன்று என்னிடம் இல்லை. கல்யாணம் செய்யப் போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். சிவா நல்ல பொடியன். ஆனாலும் அவன் "போட்டாச்சு" என்று சொன்னால், எங்கே போட்டாய், எப்போது போட்டாய், அத்தாட்சியைக் காட்டு என்று கேள். ஒரு முறை கேட்டுவிட்டுத் தலையாட்டாதே. கேட்கப்படுகிறவனுக்கும் அது நல்லது. என்னை நீ ஒருநாள் கத்திக் கேட்டிருந்தால் நான் உடைந்து சொல்லியிருப்பேன் என்று சில நேரம் நினைக்கிறேன். பிறகு, அந்தப் பழியையும் உன்மேல் போடப் பார்க்கிறேனே என்று வெட்கப்படுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கல்யாணக் கார்ட் கொண்டுவந்தாய். அண்ணையின் பெயருக்கும் அண்ணியின் பெயருக்கும் முன்னால் அமரர் என்று அச்சடித்திருந்தது. தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு, கதவடியில் சப்பாத்துப் போடக் குனிந்தபடியே சொன்னாய்: "சித்தப்பா, றிச்மண்ட் ஹில் கோயில்லை நீங்களும் சின்னம்மாவும்தான் எனக்குத் தாரை வார்க்கோணும். எனக்கு அப்பா எண்டு வேறை ஆர் இருக்கினம்?" சின்னம்மா கண்ணைத் துடைத்தா. நான், "அதுக்கென்ன பிள்ளை, செய்வம்" என்றேன். நீ போன பிறகு, அன்றைக்குத்தான், சின்னம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவவுக்கும் அதுவரை தெரியாது. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவா. மூன்றாம் நாள் காலமை இந்தப் பேனையையும் கொப்பியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தா. "எழுதுங்கோ. அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் அவளின்ரை கையைப் பிடிச்சுக் குடுக்க நான் உங்களுக்குப் பக்கத்திலை நிக்க மாட்டன்" என்றா.

உனக்குச் சம்மதம் என்றால், இந்தக் கடிதத்தை எங்கள் ஆட்களின் பத்திரிகையில் போடலாம். என்னைப்போல ஒரு கவரை எங்கேயாவது வைத்திருப்பவன் இந்த ஊரில் நான் ஒருவனாக இருக்க முடியாது. உனக்கு வேண்டாம் என்றால் கிழித்துவிடு.

அன்று கதவடியில் நான் சொன்ன "செய்வம்" என்ற சொல்லை இதோடு திருப்பி எடுத்துக்கொள்கிறேன். உனக்குத் தெரியாமல் உன்னிடம் வாங்கிய சம்மதம் அது, இனியும் அப்படி ஒன்றை நான் வைத்திருக்கக் கூடாது. தீபன் தன் மனைவியோடு அந்த இடத்தில் நிற்கலாம், தம்பி செய்வதற்கும் முறை இருக்கிறது என்று ஐயரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நீ என்னைக் கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன், சின்னம்மாவைக் கோயிலில் இறக்கிவிட்டுக் கார் நிற்பாட்டுமிடத்தில் இருப்பேன். மேளச் சத்தம் அதுவரை கேட்கும்.

சித்தப்பா